நெடுஞ்சாலையில் 89, நெரிசலில் 108: ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின் ஏன் நின்றால் மட்டும் சூடாகிறது?

இரண்டுசீட்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன்.

வண்டி 20 வயதைத் தாண்டிய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். 1.8 லிட்டர், டர்போ கிடையாது. வெப்பநிலையை ஓபிடி ரீடரில் (வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிப் படிக்கும் கருவி) பார்க்கிறேன். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 88, 89 டிகிரி, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அசையாது. நெரிசலில் மாட்டினால் 95, 98, 101 என்று ஏறி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் 108. ஏசி போட்டால் இன்னும் சீக்கிரம். அப்புறம் சாலை காலியாகி மூன்றாவது கியரில் கொஞ்சம் ஓட்டினால் போதும், மளமளவென்று 92-க்கு இறங்கிவிடும்.

இதுவரை மாற்றியவை: 82 டிகிரி தெர்மோஸ்டாட், கூலன்ட் முழுவதும், ரேடியேட்டர் மூடி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். கடைசியாக ரேடியேட்டரையே மாற்றினேன். பழையது 27 மில்லிமீட்டர் தடிமன், இப்போது இருப்பது 52 மில்லிமீட்டர் அலுமினியம். இவ்வளவு செய்தும் நெரிசலில் முன்பைவிடக் கொஞ்சம் மோசமாக இருப்பதுபோல் படுகிறது. மனப்பிரமையா என்று தெரியவில்லை. ஃபேன் ஓடுகிறது, கண்ணால் பார்த்தேன்.

அடுத்து வாட்டர் பம்பை மாற்றலாமா? அதற்கு டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டும், அதனால்தான் தயங்குகிறேன்.

நாலாம்கியர்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள். நான் என் பழைய வண்டியில் அப்படித்தான் செய்தேன், சூடு போயே போச்சு.

பழையஇரும்பு

நாலாம்கியர் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த யோசனையால் நான் பார்த்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. இன்ஜின் ரொம்பக் குளிர்ந்து போகாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. 82-ல் திறக்கத் தொடங்கி 95 வருவதற்குள் முழுதாகத் திறந்துவிடும். 108 காட்டும்போது அது ஏற்கெனவே வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறது. திறந்திருக்கும் கதவைப் பெயர்த்தெடுத்து என்ன லாபம்? அதிலும் பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல்பக்கம் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் திரும்பிவிடும். உங்களுக்குச் சூடு போனது என்றால் பழைய தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்க வேண்டும். அதற்கு மருந்து புதிய தெர்மோஸ்டாட்.

இப்போது இரண்டுசீட்டு தம்பிக்கு. பம்பைத் தொடாதீர்கள், உங்கள் எண்களே பதில் சொல்கின்றன. இந்த அளவு இன்ஜின் சும்மா நின்று ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் எரிக்கும். 100 வேகத்தில் போகும்போது ஏழு லிட்டர் சுமார். பெட்ரோல் எவ்வளவோ அவ்வளவு சூடு. ஏழு மடங்குச் சூட்டை அலட்டிக்கொள்ளாமல் வெளியேற்றுகிற தண்ணீரும் ரேடியேட்டரும், ஒரு மடங்கு வரும்போது திணறுகிறதா? நின்றால் இல்லாமல் போவது ஒன்றே ஒன்றுதான், காற்று. நீங்கள் மாற்றிய ஆறு சாமானும் தண்ணீர்ப் பக்கத்துச் சாமான். காற்றுப் பக்கத்தில் இன்னும் கையே வைக்கவில்லை.

இதுவே சூடு நெடுஞ்சாலையில் ஏறி நெரிசலில் இறங்கினால் அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) என்று வேறு பட்டியல் எழுதியிருப்பேன்.

நாலாம்கியர்

கோபமெல்லாம் இல்லை அண்ணே. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி, ரேடியேட்டரில் சூட்டை விட நேரமே இருக்காது என்று இன்னொரு கோஷ்டி சொல்கிறதே, அது உண்மையா?

பழையஇரும்பு

அதுவும் கதைதான். மூடிய வட்டத்தில் சுற்றுகிற தண்ணீர் ஒவ்வொரு முறையும் குறைவான நேரம் நின்றால், அதிக முறை வந்து போகும். மொத்தத்தில் ரேடியேட்டருக்குள் இருக்கும் பங்கு அதேதான். வேகமாக ஓடினால் குழாய்களின் கடைசிவரை சூடு பரவி, காற்றுக்கு இன்னும் நன்றாகக் கைமாறும். பைபாஸ் திறந்து கிடப்பதுதான் ஆபத்து, வேகம் இல்லை.

புதுமுகம்_7

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் ரீடர் இல்லை, டேஷ்போர்டு முள் எப்போதும் நடுவில் நிற்கிறது. அப்படியென்றால் எனக்குப் பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

கம்பிக்காரன்

இருக்க முடியாது. பல தயாரிப்பாளர்கள் முள் கொஞ்சம் அசைந்தாலே வாடிக்கையாளர் பயந்து ஓடிவருகிறார் என்று, 80-லிருந்து 105 வரை முள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிட்டார்கள். அந்த முள் நகரும்போது வண்டியை ஓரம்கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஓபிடி சாக்கெட் இருந்தால் ஒரு மலிவான ரீடர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டுசீட்டு, ஃபேன் ஓடுவதைப் பார்த்தேன் என்கிறீர்கள். ஓடுவது வேறு, முழு வேகத்தில் ஓடுவது வேறு. மல்டிமீட்டர் இருக்கிறதா? இதைச் செய்யுங்கள்.

இன்ஜின் ஐடிலில் (வண்டி நின்றபடி மெல்ல ஓடும்போது), ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஃபேனைக் கழற்றிவிட்டு வயரில் மட்டும் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், கரன்ட் பாய்ந்தால்தானே இழப்பு தெரியும். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் பாருங்கள். அப்புறம் ஃபேன் மோட்டாரின் கனெக்டருக்குப் பின்புறம் ஊசிமுனையைச் செருகி அங்கே பாருங்கள். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கேயோ திருட்டு நடக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிய, மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனை மோட்டாரின் மைனஸில். பிறகு அதேபோல் பிளஸ் பக்கம்.

கவனம், கையும் சட்டையும் ஃபேன் பக்கம் போகவே கூடாது. அது எந்த நொடியிலும் நின்று மறுபடி கிளம்பும்.

இரண்டுசீட்டு

நன்றி. சனிக்கிழமை அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

நடுவில் ஒரு சந்தேகம். நெரிசலில் 106 இருந்தபோது, கியரை நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து 2000 சுற்றில் பிடித்துப் பார்த்தேன். வெப்பநிலை மெல்ல இறங்கியது! வாட்டர் பம்ப் ஐடிலில் சரியாகத் தள்ளவில்லை என்பதற்கு இது அத்தாட்சி இல்லையா?

கம்பிக்காரன்

பல பேரைப் பம்ப் மாற்ற வைக்கிற சோதனை இதுதான். 2000 சுற்றில் பம்ப் மட்டுமா வேகமாகச் சுற்றுகிறது? ஆல்டர்னேட்டரும்தான். வோல்ட்டேஜ் ஏறும், கூடவே ஃபேனும் வேகம் பிடிக்கும். இரண்டில் எதனால் இறங்கியது என்று இந்தச் சோதனை சொல்லாது. மீட்டர்தான் சொல்லும்.

நடுஇன்ஜின்

என் அனுபவத்தையும் போட்டு வைக்கிறேன். என் வண்டியில் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். நடுவே இரண்டு நீளமான குழாய்கள். கூலன்ட் மாற்றிய ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயில் எங்காவது காற்றுக் குமிழ் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கும். காற்று எடுக்கும் திருகுகளைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, குமிழ் நிற்கும்வரை விடாமல் செய்வேன். முன்பக்க இன்ஜினிலும் இது நடக்கும். ஹீட்டரில் சூடான காற்று விட்டுவிட்டு வந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

1998 வரை போர்ஷே 911 கார் காற்றிலேயே குளிர்ந்தது, ரேடியேட்டரே கிடையாது. தண்ணீருக்கு மாறியபின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைக்கும் போய்விட்டன. அந்தத் துளைகளுக்குள் காய்ந்த இலை குவிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய காராக இருந்தாலும் ஒரு பிடி சருகு போதும்.

பழையஇரும்பு

சருகு என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி, ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஏசியின் சூட்டை வெளியேற்றுவது) ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பார்த்தீர்களா? முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். அதன் முதுகில் கம்பளி போர்த்தியதுபோல் தூசியும் பூச்சியும் படிந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பையை இன்னும் உள்ளே திணிப்பீர்கள். ஃபின்கள் என்கிற மெல்லிய உலோக இதழ்கள் வளைந்துவிடும், அதனால் பிரஷர் வாஷர் வேண்டாம், சாதாக் குழாய் போதும்.

இரண்டுசீட்டு

அளந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஐடிலில் பேட்டரியில் 13.6 வோல்ட். ஃபேன் ஓடும்போது மோட்டார் கனெக்டரில் 10.2. பிளஸ் பக்கம் இழப்பு 0.4, எர்த் (மைனஸ்) பக்கம் 3.0!

எர்த் வயரைத் தொடர்ந்து போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. வளையம் பச்சை பூத்துப்போய், பக்கத்தில் வயரின் உறை இரண்டு விரல் நீளத்துக்குப் பழுப்பாக வெந்திருக்கிறது. போல்ட்டுக்கு அடியில் பெயின்ட். யாரோ எப்போதோ முன்பக்கம் பெயின்ட் அடித்தபோது அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். வயரை வெட்டி, புது வளையம் போட்டு, பாடியை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினேன். இப்போது மோட்டாரில் 13.1.

சத்தமே மாறிவிட்டது. முன்பு மேசை விசிறி மாதிரி முனகும். இப்போது பானெட்டுக்கு அடியில் இரைகிறது.

அப்புறம் கண்டென்சரின் முதுகு. பழையஇரும்பு அண்ணே சொன்ன கம்பளி அப்படியே இருந்தது. கழுவிவிட்டேன்.

நெரிசலில் ஓட்டிப் பார்த்தேன். ஏசி இல்லாமல் 102-ல் நின்றுவிட்டது. ஏசி போட்டால் இன்னும் 106 வரை போகிறது. பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

கம்பிக்காரன்

அருமை. அந்த 3 வோல்ட் எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போடுவோம். மோட்டார் வேகம் ஏறத்தாழ வோல்ட்டேஜோடு போகும். 13.1 இருக்க வேண்டிய இடத்தில் 10.2 என்றால் 78 சதவீத வேகம். காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் இருமடியாகப் போகும், 0.78-ஐ 0.78-ஆல் பெருக்கினால் 0.61. நாற்பது சதவீதத் தள்ளு சக்தி ஒரு துருப்பிடித்த வளையத்தில் எரிந்துகொண்டிருந்தது.

இனி அந்த பிளஸ் பக்க 0.4. ரிலேயின் முனைகளைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், பாதியாகக் குறையலாம். ஃபேன் எத்தனை டிகிரியில் கிளம்புகிறது?

இரண்டுசீட்டு

97-ல் கிளம்புகிறது. சர்வீஸ் புத்தகமும் 97-ல் கிளம்பி 91-ல் நிற்கும் என்கிறது.

பழையஇரும்பு

நல்லது. அப்படியானால் ஏசி இல்லாமல் 97-க்கும் 91-க்கும் நடுவே அது ஏறி இறங்கி, ஃபேன் ஓடுவதும் நிற்பதுமாக இருக்க வேண்டும். 102-ல் ஓடிக்கொண்டே நிற்கிறது என்றால் ஃபேனால் இன்னும் சமாளிக்க முடியவில்லை. 106-ல் கொதித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், மூடி பிடிக்கும் ஒரு பார் அழுத்தத்தில் சாதாத் தண்ணீரே 120 வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் 125-ஐயும் தாண்டும். ஆனால் மூடி பழுதானால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும், அதனால் நீங்கள் மூடியை மாற்றியது நல்ல காரியம்.

ஒரு கேள்வி. ஷ்ரவுடுக்கும் (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரின் முதுகை மூடும் பெட்டி) ரேடியேட்டருக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா?

இரண்டுசீட்டு

ஷ்ரவுட்... அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பழைய ஷ்ரவுட் புதிய தடிமனான ரேடியேட்டரில் உட்காரவில்லை. அதனால் ஃபேனை மட்டும் கழற்றி, ரேடியேட்டரின் முதுகில் நேராகக் கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறேன். கேபிள் டையை ஃபின்களுக்குள் விட்டு மறுபக்கம் எடுக்கும் கிட் ஒன்று ரேடியேட்டரோடு வந்தது.

பழையஇரும்பு

தம்பி! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேர் விரல் தேயத் தட்டியிருக்க வேண்டாமே.

கம்பிக்காரன்

சிரித்துவிட்டேன். "முன்பைவிட மோசமாக இருப்பதுபோல் படுகிறது" என்றாரே, பிரமை இல்லை!

ரேடியேட்டர் கோர், அதாவது காற்று புகுந்து போகும் நடுப்பகுதி, எவ்வளவு அகலம், உயரம்? ஃபேன் விட்டம்?

இரண்டுசீட்டு

கோர் 60 சென்டிமீட்டருக்கு 35. ஃபேன் 30 சென்டிமீட்டர் வட்டம்.

கம்பிக்காரன்

கோர் 2100 சதுர சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் வட்டம் 707. மூன்றில் ஒரு பங்கு. நின்றுகொண்டிருக்கும்போது உங்கள் ரேடியேட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, மற்ற இரண்டு பங்கும் அலங்காரம். ஷ்ரவுட் இருந்தால் ஃபேன் அந்தப் பெட்டி முழுவதிலும் வெற்றிடத்தை உண்டாக்கி எல்லா மூலையிலிருந்தும் காற்றை இழுக்கும். இப்போது எதிரே இருக்கும் வட்டத்தை மட்டும் இழுக்கிறது. அதுவும் போதாதென்று 27 மில்லிமீட்டருக்குப் பதில் 52. காற்று நுழைய வேண்டிய தூரம் இரண்டு மடங்கு. நெடுஞ்சாலையில் காற்று தானே வந்து மோதும், தடிமன் பெரிதில்லை, லாபம்கூட. நின்றால் அந்தத் தடிமனைத் தாண்டி இழுக்க வேண்டியவன் இந்தச் சின்ன மோட்டார்.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்குத் தடித்த ரேடியேட்டர் சரி. தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு மெல்லிய கோரும் நல்ல ஷ்ரவுடும்தான்.

நடுஇன்ஜின்

அந்தக் கேபிள் டையை முதலில் கழற்றுங்கள். வண்டி அதிரும்போது ஃபேனின் எடை அதன் மேல் ஆடும், டை குழாயை அரத்தால் ராவுவதுபோல் ராவும். எனக்கு ஒரு முறை இப்படித்தான் பொத்தல் விழுந்தது.

நாலாம்கியர்

ஷ்ரவுட் செய்யும்போது ஃபேன் காற்றை இழுக்கிறதா, தள்ளுகிறதா என்றும் பாருங்கள். நான் ஒரு முறை மோட்டார் மாற்றி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, மூன்று மாதம் இன்ஜின் சூட்டை ரேடியேட்டர் வழியாக முன்பக்கம் ஊதிக்கொண்டிருந்தது. ஓடும்போது எதிர்க்காற்றும் ஃபேனும் சண்டை போட்டன. ஃபேன் ஓடுகிறதே என்று சந்தேகமே வரவில்லை. மெல்லிய காகிதத்தைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன், ஒட்டிக்கொள்வதற்குப் பதிலாகப் பறந்து போனது. தெர்மோஸ்டாட் விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதால் இந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், மானம் ஏற்கெனவே போயாச்சு.

இரண்டுசீட்டு

சிரித்தேன், பிறகு ஓடிப்போய்க் காகிதத்தைப் பிடித்தேன். ஒட்டுகிறது, ஆனால் நடு வட்டத்தில் மட்டும். ஓரங்களில் பிடித்தால் கீழே விழுகிறது. கம்பிக்காரன் கணக்கு கண்முன்னே.

நடுஇன்ஜின் சொன்னபடி கேபிள் டைகளைக் கழற்றினேன். நான்கில் ஒன்றின் அடியில் குழாய் வெள்ளிபோல் தேய்ந்து பளபளக்கிறது. சுற்றிலும் பச்சையாக ஒரு காய்ந்த வட்டம், கடுகு அளவு. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. கசிவு தொடங்கிவிட்டது போல! ஐந்து மாதம்கூட ஆகாத ரேடியேட்டர்.

இப்போது குழப்பம். இதை வெல்டிங் செய்து ஷ்ரவுட் கட்டுவதா, பழைய அளவு ரேடியேட்டருக்கே திரும்புவதா?

பழையஇரும்பு

பழைய அளவுக்கே போங்கள் தம்பி. அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை, 27 மில்லிமீட்டரில் நெரிசலையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார்கள். அசல் ஷ்ரவுட் இருக்கிறதா, தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

இரண்டுசீட்டு

பரணில் இருக்கிறது.

பழையஇரும்பு

அப்பாடா. அதன் மேல் சின்னச் சின்ன ரப்பர் மடல்கள் இருந்தால் பிய்த்துவிடாதீர்கள். வேகத்தில் போகும்போது காற்று அவற்றைத் திறந்துகொண்டு நேரே போகும், நின்றால் அவை மூடிக்கொண்டு ஃபேனுக்கு உதவும்.

ரேடியேட்டர் மாற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. ரேடியேட்டரின் இரு பக்கமும் மேலும் கீழும் ஃபோம் பட்டைகள் இருக்க வேண்டும். பானெட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பம்பருக்கு அடியில் பிளாஸ்டிக் அடித்தட்டு. இவை இல்லாவிட்டால் ஃபேன் தள்ளிய சூடான காற்று இன்ஜின் அறையில் முட்டி, ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமே வந்துவிடும். ஃபேன் மறுபடி அதே காற்றை இழுக்கும். ஓடும்போது இது நடக்காது, எதிர்க்காற்று விடாது. நிற்கும்போதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது: பத்து நூல் துண்டை எடுத்து ரேடியேட்டரைச் சுற்றி இடுக்குகளில் டேப்பால் ஒட்டுங்கள். ஃபேன் ஓடும்போது எல்லா நூலும் பின்பக்கமாகச் சாய வேண்டும். முன்பக்கமாகச் சாயும் நூல் எதுவோ அங்கே ஓட்டை.

புதுமுகம்_7

நூல் வைத்துப் பார்ப்பதா! இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்றே செய்கிறேன்.

இரண்டுசீட்டு

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். முழு விவரம் இதோ.

அசல் அளவு ரேடியேட்டர், அசல் ஷ்ரவுட், அதில் அசல் இடத்திலேயே ஃபேன். கூலன்ட் பாதிக்குப் பாதி, வாலைவடி நீரோடு. ஹீட்டர் முழுச் சூட்டில் வைத்து, மூக்கைத் தூக்கி, காற்று எடுத்தேன். இவ்வளவும் முடித்து ஓட்டியபோது ஏசி இல்லாமல் 97-91 என்று புத்தகம் சொன்னபடி ஏறி இறங்கியது. ஏசியோடு 103. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பழையஇரும்பு அண்ணன் சொன்ன நூல் மனதை விட்டுப் போகவில்லை.

பன்னிரண்டு நூல் ஒட்டினேன், சிவப்புக் கம்பளி நூல். ஃபேனை ஓடவிட்டு முன்னால் குனிந்து பார்த்தேன். எட்டு பின்பக்கம் சாய்ந்தன. கீழ் ஓரத்தில் இருந்த நான்கும் என்னைப் பார்த்துப் படபடத்தன. அடித்தட்டைத் தேடினால் அந்த இடத்தில் மூன்று கிளிப் துளைகள்தான் இருக்கின்றன, தட்டையே காணோம்! வண்டி வாங்கியபோதே இல்லை போலும், எனக்கு அது இருக்க வேண்டும் என்பதே தெரியாது. மேல் ஃபோம் பட்டை தொட்டால் பொடியாக உதிர்கிறது.

2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை அளந்து வெட்டி, கீழே பம்பரிலிருந்து குறுக்குச் சட்டம் வரை போட்டேன். ஓரங்களில் கதவுகளுக்கு ஒட்டும் ரப்பர் ஃபோம். மறுபடி நூல்: பதினொன்று பின்பக்கம். ஒன்று மட்டும் எந்தப் பக்கமும் இல்லாமல் சும்மா தொங்குகிறது, அதை விட்டுவிட்டேன்.

நேற்று 34 டிகிரி வெயிலில் முக்கால் மணி நேர நெரிசல். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. ரீடரின் உச்சம் 98. ஏசியும் நன்றாகக் குளிர்கிறது, முன்பு நின்றால் வெறும் காற்றுதான் வரும். அதற்கும் அதே காரணம் என்று இப்போது புரிகிறது, கண்டென்சரும் தன் சூட்டையே குடித்துக்கொண்டிருந்தது.

கம்பிக்காரன்

98! இழையின் தலைப்பை மாற்றுங்கள்.

ஒரே ஒரு சோதனை பாக்கி. இத்தனை நாள் 108 வரை போன இன்ஜின் என்பதால் ஹெட் கேஸ்கெட்டை உறுதிசெய்துகொள்ளுங்கள். நீல திரவம் வைத்துச் செய்யும் சோதனை. எக்ஸ்பான்ஷன் டேங்கின் வாயில் வைத்து மேலுள்ள காற்றை உறிஞ்ச வேண்டும், எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இன்ஜின் ஆறியபின் மூடியைத் திறந்து, பிறகு சோதனையைத் தொடங்குங்கள். சூட்டில் மூடியில் கை வைத்தால் முகம் வெந்துபோகும்.

இரண்டுசீட்டு

செய்தேன். பதினைந்து நிமிடம் ஓடியும் நீலம் நீலமாகவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தபின்னும் ரீடரில் 97-லிருந்து 101-க்கு ஏறுகிறது. இது என்ன?

பழையஇரும்பு

அது ஒன்றுமில்லை தம்பி. இன்ஜினை நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஹெட்டில் இருக்கும் உலோகத்தின் சூடு நின்ற தண்ணீரில் இறங்கும். எல்லா வண்டியிலும் ஐந்து நிமிடம் ஏறி அப்புறம் இறங்கும். வேண்டுமென்றால் நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

அந்த 52 மில்லிமீட்டர் ரேடியேட்டரை என்ன செய்தீர்கள்?

இரண்டுசீட்டு

பரணில், ஷ்ரவுட் இருந்த இடத்தில்.